குழாய்த் தீர்மானம்

பொதுஜனம் மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று சேவகன் சொன்னதை நாச்சம்மாள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தடுப்பைத் தள்ளிக்கொண்டு மேஜை வரைக்கும் போய்விட்டாள்.

அவள் பின்னால் பதினோரு பெண்கள். முனிசிபல் மீட்டிங்கில் அதுவரை பெண்கள் யாரும் நுழைந்ததில்லை. மெம்பர்கள் அவசரமாகத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்கள்.

குமாஸ்தா அப்போதுதான் தீர்மானத்தைக் கன்னடத்தில் வாசித்து முடித்திருந்தார். தேவராஜ மொஹல்லா என்கிற பேட்டையின் வெற்றிலைச் சந்தில் இருக்கும் பொதுக்குழாயைப் பிடுங்கிப் பங்களாத் தெருவில் வைப்பது. தண்டோரா போட்டுப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

பங்களாத் தெருவில் யாருக்கு அப்படித் தாகம் என்று கேட்டால், மரக்கடை மெம்பரின் ரோஜாச் செடிகளுக்குத்தான். புதுசாக வீடு கட்டி, வாசலில் தோட்டமும் போட்டிருந்தார் மனிதர்.

சந்தில் நாற்பது வீடு, ஒரே குழாய். அது போனால் அரை மைல் நடந்து உப்புக் கிணற்றில் இறைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. அதைக் குடித்த குழந்தைகளுக்குப் போன கோடையில் வயிற்றுப்போக்கு கண்டு, இரண்டு வீட்டில் பாடை கட்டினார்கள்.

நாச்சம்மாள் வெற்றிலை விற்கிறவள். மார்க்கெட்டில் பேரம் பேசுகிற கன்னடத்திலேயே பிரசிடெண்டைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் சந்தில் தண்டோரா போடவில்லை. போடாத தண்டோராவுக்கு நாங்கள் எப்படி ஆட்சேபணை சொல்வது?

மரக்கடை மெம்பர் சிரித்தார். இந்தப் பெண்பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள் என்றார்.

பிரசிடெண்ட் சட்டத்தை விட்டு இம்மியும் நகராதவர். தண்டோரா போடாவிட்டால் தீர்மானம் செல்லாது, போட்டிருந்தால் இவர்கள் பேச்சு செல்லாது. தமுக்கு அடிக்கிறவனைக் கூப்பிடச் சொன்னார்.

கரியப்பன் வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். பதினெட்டு வருஷமாக முனிசிபாலிட்டித் தமுக்கு அவன் தோளில்தான். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றான். அவனை நிறுத்துகிற இடம் அதுதான்.

நாச்சம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடித்தேன் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் குழாய் போச்சு. அடிக்கவில்லை என்றால் அவன் வேலை போச்சு. தன் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவன் உலகத்தில் உண்டா?

கரியப்பன் மரக்கடை மெம்பரைப் பார்த்தான். பிறகு நாச்சம்மாளைப் பார்த்தான்.

அடிக்கவில்லை என்றான். ரிஜிஸ்டரில் கைநாட்டு வைத்துவிட்டு, அன்று முழுக்கக் கள்ளுக்கடையில் விழுந்து கிடந்தேன் என்றான். தலையைக் குனியாமல், ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

தமுக்கை அங்கேயே பிடுங்கிக்கொண்டார்கள். மார்பில் கிடந்த பித்தளை வில்லையையும் கழற்றினார்கள். குமாஸ்தா தீர்மானத்தின் மேல் குறுக்கே கோடு இழுத்தார். மறுபடியும் தண்டோரா போட வேண்டும், மறுபடியும் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபணையை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்று நாச்சம்மாள் மேஜை மேல் கட்டைவிரலை நீட்டினாள். பன்னிரண்டு விரல்களின் மசியும் காய்கிறவரைக்கும் யாரும் அங்கிருந்து நகரவில்லை.

வெளியே வந்ததும் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். நாச்சம்மாள் மட்டும் பின்தங்கினாள். காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்த கரியப்பனைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

கரியப்பன் கள்ளைக் கையாலும் தொடாதவன் என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு வெற்றிலைச் சந்தில் மூன்று முறை, தொண்டை கிழியத் தண்டோரா போட்டான். தமுக்குச் சத்தம் கேட்டதுமே, பிளேக் ஊசி போடுகிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று சந்து மொத்தமும் பின்வாசல் வழியாக ஓடிவிட்டது. முதலில் ஓடியவள் நாச்சம்மாள். ஆளில்லாத தெருவில் நின்று, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் அவன் போனான்.

அந்தக் குழாயால் உனக்கு என்ன லாபம் என்று கேட்க வாயெடுத்தவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவனும் அவன் தெருக்காரர்களும் அந்தக் குழாயில் ஒரு நாளும் கை வைத்ததில்லை. வைக்க விட்டதில்லை. விடாதவர்களில் அவளும் ஒருத்தி. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நாளைக்கு எம் பொண்டாட்டி கொடத்தோட வருவா அக்கா. உங்க கொழாய்க்குத்தான்.”

பதினெட்டு வருஷமாக அம்மா, அம்மா என்று எட்ட நின்று கூப்பிட்டவன். இன்றைக்கு அக்கா என்கிறான். அதில் கெஞ்சல் இல்லை. உள்ளே திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்கிற மிரட்டலும் இல்லை. வருவாள் என்று தெரிவித்தான், அவ்வளவுதான்.

முன்னால் போன பெண்கள் நின்றுவிட்டார்கள். அது எப்படி முடியும் என்று அவர்களில் கௌரம்மா என்பவள் ஆரம்பித்தாள்.

நாச்சம்மாள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆறு மணிக்கெல்லாம் தண்ணி நின்னு போயிரும் கரியப்பா. நேரமே வந்து, எனக்கு முன்னால நிக்கச் சொல்லு.”