ஐந்தாவது யோசனை

பேருந்தில் வரும்போதே சொல்லவேண்டியதைத் தயார் செய்திருந்தாள்.

சுகிர்தத்தின் மேசை முன் வந்து நின்றதும் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

"சொல்லுங்க மேடம்," என்று சுகிர்தம் எழுந்தார்.

எழும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். காலில் புதிய கறுப்பு ஷூ.

அவள் குன்னூருக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆகிறது. தேயிலை ஏற்றுமதி செய்யும் அந்த அலுவலகத்தில் நிர்வாகம் அவள் பொறுப்பு. சுகிர்தம் அங்கே இருபத்தாறு வருடமாக பில் போடுகிறவர். அவளைவிட இருபது வயது மூத்த பெண்மணி.

முதல் நாள் மெல்லிய துப்பட்டாவோடு வந்து நடுங்கியவளுக்குத் தன் சால்வையைக் கழற்றிக் கொடுத்தார். "காத மூடிக்கோங்க மேடம். இந்த ஊர்க் குளிரு காது வழியாத்தான் ஏறும்."

பிறகு அவளுக்குக் குளிர் பழகிவிட்டது. நன்றாக உடுத்துகிறவள் என்ற பெயரும் வந்தது.

போன வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "ஜெர்மனிலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. லேடீஸ்கிட்ட கொஞ்சம் டிரஸ் விஷயம் சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

சனிக்கிழமை அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டாள். குளிரிலும் அழகாக அலுவலகம் வர ஐந்து யோசனைகள்.

ஜாக்கெட்டுக்குள் உடம்போடு ஒட்டிய முழுக்கை உள்ளாடை. புடவை நிறத்தோடு சேரும் மெல்லிய ஸ்வெட்டர், முன்பக்கம் பட்டன் வைத்தது. சால்வையை மடித்து ஒரு தோளில் பின் குத்தலாம். விரல் தெரியாத ஷூ.

எல்லாம் நல்ல யோசனைகள்தான்.

ஐந்தாவது ஒரு படம். அதன்மேல், 'இப்படி வேண்டாம்'.

பின்னாலிருந்து எடுத்தது. கழுத்துக்கு மேலே வெட்டியிருந்தாள். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் சாம்பல் நிற ஸ்வெட்டர். கணவருடையதோ மகனுடையதோ, அவள் கேட்டதில்லை. முழங்கை நைந்திருந்தது. காலில் கம்பளி சாக்ஸ். அதற்கு மேல் ரப்பர் செருப்பு.

முகம் இல்லாததால் அது யாருமில்லை என்றுதான் நினைத்தாள்.

அப்படி நினைத்ததாக ஞாயிறு முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் படம் எடுப்பதற்கு முன் போனின் சத்தத்தை அணைத்திருந்தாள்.

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. 'இந்த ஸ்வெட்டர எங்கயோ பாத்திருக்கேனே' என்று ஒருவர் எழுதினார். மறுபடியும் சிரிப்பு.

கடைசியாக சுகிர்தம் எழுதியிருந்தார். 'நல்ல யோசனைகள். நன்றி மேடம்.'

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அழித்துவிட நினைத்தாள். அழித்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். விட்டுவிட்டாள்.

இப்போது சுகிர்தம் எதிரே நிற்கிறார். ஊதா நிறத்தில் மெல்லிய ஸ்வெட்டர். வயிற்றருகே பட்டன்கள் இழுபட்டன. விலைச்சீட்டைக் கோத்திருந்த பிளாஸ்டிக் இழை கழுத்தருகே அப்படியே இருந்தது. சால்வை ஒரு தோளில், பின் குத்தி. வெளியே மூடுபனி. காலை பத்து மணிக்கும் விளக்குகள் எரிந்தன.

"அக்கா, அந்தப் படம்..."

"ஆமாங்க மேடம். பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நம்ம முதுக நாம எங்க பாக்கறோம்?"

கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

"ஐயோ, அது நீங்க இல்லக்கா," என்றாள். "நெட்ல எடுத்தது."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

படத்தில் ஒரு பச்சை பீரோவும் இருந்தது. கதவில் வெள்ளை பெயின்டில் நான்கு என்று எழுதிய பீரோ. அது இப்போது சுகிர்தத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

சுகிர்தம் அவளைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை.

"அப்படீங்களா," என்றார்.

பிறகு கூடத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "கேட்டீங்களா? அது நெட்ல எடுத்த போட்டோவாம். நீங்க பாட்டுக்கு மேடத்தப் பத்தித் தப்பா பேசிட்டிருந்தீங்க."

தலைகள் நிமிர்ந்தன. பீரோவை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்று எல்லாரும் கவனமாக இருந்தார்கள்.

அவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

அவள் தலையாட்டினாள். ஆமாம் என்று.

தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காது மடல்கள் எரிந்தன. ஒரே மின்னஞ்சலை நான்கு முறை படித்தாள். யார் அனுப்பியது என்றுகூட மனதில் நிற்கவில்லை.

அரை மணி கழித்து எழுந்து வந்தாள்.

சுகிர்தம் பில் அடித்துக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் ஷூக்கள் கழன்று கிடந்தன. வெறுங்கால்கள் சிமென்ட் தரைமேல் இருந்தன. விரல்கள் எல்லாம் வீங்கிச் சிவந்திருந்தன. இரண்டில் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது.

"குளிர் வந்தா அக்காவுக்கு இப்படித்தான் ஆகும் மேடம்," என்றாள் பக்கத்து மேசை ரோகிணி, மெதுவாக. "ஷூ போடவே முடியாது. அதான் எப்பவும் செருப்பு."

பேச்சு கேட்டு சுகிர்தம் நிமிர்ந்தார். பதறி, கால்களை ஷூவுக்குள் திணித்தார். ஒரு கணம் கண்களை இறுக்கி மூடித் திறந்தார்.

"சாரிங்க மேடம். ரெண்டு நாள்ல பழகிடும்."



அவள் கூடத்தின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம்," என்றாள்.

யாரும் நிமிரவில்லை. யாருக்கும் கேட்கவேயில்லை.

மறுபடியும் சொன்னாள்.