பட்டாபிஷேக ராமரும் மேல்வீட்டு பாத்ரூமும்

அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் முதன்முதலாகக் குற்றம் செய்யக் கிளம்பினால் என்னென்ன கூத்து நடக்குமோ, அத்தனையும் சந்திரமௌலிக்கு நடந்தது.

மயிலாப்பூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. முதல் மாடியில் சந்திரமௌலி, நேர் மேலே ஸ்ரீநாத். ஐ.டி. பையன். வாய் நிறைய மாமா, மாமா என்பான். காரியம் என்று வந்தால் நழுவிவிடுவான். வீட்டை வாங்கிய கையோடு ஸ்டோர் ரூமை பாத்ரூமாக்கினான். அதில் டைல்ஸ் இடுக்கெல்லாம் வாயைப் பிளந்துவிட்டது. அங்கே ஊற்றுகிற தண்ணீர் இங்கே இறங்கியது. இறங்கினால் தொலையட்டும், கூடத்தில் அத்தனை இடம் இருக்க, சரியாகப் பூஜை அலமாரியின் தலையிலா இறங்க வேண்டும்? தினமும் காலையில் பட்டாபிஷேக ராமருக்கு ஸ்ரீநாத்தின் ஷாம்பூ நுரையில் அபிஷேகம் நடந்தது.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சந்திரமௌலி குதித்தார். அவர்தான் செயலாளர். ஸ்ரீநாத் அசரவில்லை. அந்தத் தண்ணீர் தன் வீட்டிலிருந்துதான் கிளம்பியது என்பதற்கு என்ன ஆதாரம் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவருக்கு ரத்தம் கொதித்தது. மேல்வீட்டுக்காரன்தான் சரிசெய்ய வேண்டும், செத்தாலும் அந்த ரிப்பேரில் தன் கை படாது என்று அத்தனை பேர் முன்னிலையில் சபதம் போட்டுவிட்டு வந்தார்.

சபதம் வீட்டில் எடுபடவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இது நிக்கலேன்னா, ராமரைத் தூக்கிண்டு ஆதம்பாக்கத்துல எங்கண்ணா ஆத்துக்குப் போயிடறேன். நீங்க இங்கயே நனைஞ்சுண்டு இருங்கோ" என்றாள் மனைவி விஜயலக்ஷ்மி. சொன்னால் செய்கிறவள். ராமர் போனால்கூடச் சமாளிக்கலாம், ராமரோடு சமையலும் அல்லவா போய்விடும்!

புதன்கிழமை ஸ்ரீநாத் மனைவியோடு திருப்பதி கிளம்பினான். மறுநாள் ராத்திரி வந்துவிடுவதாகச் சொல்லி, வழக்கம்போல் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். சண்டை எத்தனை இருந்தாலும் துளசிக்கு யாராவது தண்ணீர் விட்டாக வேண்டுமே.

சாவியைப் பார்க்கப் பார்க்க சந்திரமௌலிக்குப் புத்தி கெட்டது.

வியாழன் காலை ஹார்டுவேர் கடைக்குப் போய், டைல்ஸ் இடுக்கை அடைக்க ஏதாவது வேண்டும் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடைக்காரர் லாசர் ஒரு வெள்ளை சிலிக்கான் டியூபையும், அதைப் பிதுக்குகிற கன்னையும் எடுத்து வைத்தார்.

"மீன் தொட்டி, ஜன்னல் கண்ணாடி, பாத்ரூமு, எல்லாத்துக்கும் இதான் சார். ஓ.எம்.ஆர்ல கீற கண்ணாடி பில்டிங்கே இத்த வெச்சுத்தான் நிக்குது. ஆனா ஒண்ணு, போட்டப்பறம் ஒரு நாள் ஃபுல்லா தண்ணி படக்கூடாது. பட்ச்சின்னா அம்புட்டும் வேஸ்ட்டு."

வீட்டில் ஆளில்லாதபோது கையில் கன்னோடு நுழைகிறோமே என்று மாடிப்படியில் அதை மேல்துண்டால் மூடிக்கொண்டார். யாராவது பார்த்துவிட்டால்? மேல்வீட்டு ரிப்பேரைத் திருட்டுத்தனமாகச் செய்த செயலாளர் என்று கட்டடமே கைகொட்டிச் சிரிக்கும்.

பழைய பூச்சைச் சுரண்டினார், ஈரத்தைத் துடைத்தார், கன்னை அழுத்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. ஓங்கி அழுத்தியதில் பாதி இடுக்கிலும் மீதி வேட்டியிலுமாக வந்தது. போதாததற்கு வினிகர் நாற்றம் வேறு. மோப்பம் பிடித்துவிடுவார்களே என்று ஓடிப்போய் ஊதுபத்தி கொண்டுவந்து ஏற்றினார். மனுஷ ஜென்மத்தில் பாத்ரூமுக்கு ஊதுபத்தி காட்டிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. ராத்திரி வந்துவிடுவார்கள். வந்ததும் குளிப்பார்கள். ஐயோ, பட்ட பாடெல்லாம் வீணா? கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

அப்போது செல்போன் அடித்தது. ஸ்ரீநாத்.

"மாமா, கூட்டம் ஜாஸ்தி. நாளைக்கு சாயங்காலம்தான் வருவோம். ஆத்துல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

"ஒண்ணுமில்லப்பா. நீ அவசரப்படாம நிதானமா சேவிச்சுட்டு வா" என்றார். போனை வைத்ததும் பாத்ரூமிலேயே எழுந்து நின்று ஏழுமலையானைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஸ்ரீநாத் வந்தான், லட்டு கொடுத்தான், சாவியை வாங்கிக்கொண்டு போனான். பாத்ரூமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒழுகல் சுத்தமாக நின்றது. ராமர் ஆதம்பாக்கம் போகவில்லை.

அடுத்த கூட்டத்தில் சந்திரமௌலி இன்னும் பலமாக முழங்கினார். தன் கண்டிப்புக்குப் பயந்து ஒருவர் சத்தமில்லாமல் ரிப்பேர் செய்துவிட்டார் என்று கூசாமல் அளந்தார். ஸ்ரீநாத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். சொந்த வீட்டில் நடந்ததே தெரியாத அசடு என்று நினைத்து அவனுக்காகக் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டார்.

ஒரு மாதம் கழித்து ஸ்ரீநாத் மறுபடியும் வாசலில் வந்து நின்றான். கும்பகோணத்தில் கல்யாணம் என்று சொல்லி, சாவியைப் பவ்யமாக நீட்டினான்.

"கிச்சன் சிங்க்கும் ஒழுக ஆரம்பிச்சுடுத்து மாமா. அங்க டைல்ஸ் ஐவரி கலர், போன தடவை மாதிரி வெள்ளை வாங்கிடாதீங்கோ. நன்னா காயட்டும், இந்தத் தடவையும் நாங்க ஒரு நாள் சேர்த்தே தங்கிட்டு வரோம்."