டெல்லிக்குப் போன மனு

"ஜனாதிபதிக்கு மனுப் போட்டது நீங்கதானாமே? இன்ஸ்பெக்டர் கூப்புடுறாக" என்று ஏட்டு வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, சுருளிப்பட்டி ஒச்சாண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நாட்டுக்கே பெரியவுக கைக்குப் போயிருச்சுல்ல? இனி ஒங்கள யாரு தொட முடியும்? தைரியமாப் போங்க" என்றாள் அவன் மனைவி ராமுத்தாய்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். ஒச்சாண்டி கிளாஸை வாங்கி, குடிக்காமல் மேஜைமேல் வைத்தான்.

"குடிங்கண்ணே. நாலு மாசமா ஊரு சுத்தி வந்திருக்கு ஒங்க மனு. பாருங்க, டெல்லி சீல், சென்னை சீல், தேனி சீல். எல்லாத்துலயும் ஒரே வரிதான். 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது.'"

"விசாரிக்க டெல்லில இருந்து ஆளு வருவாகளாய்யா?"

"அம்புட்டுத் தூரத்துல இருந்து எதுக்குண்ணே? என்னையவே விசாரிச்சு எழுதச் சொல்லிட்டாக."

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மனுவைச் சத்தமாகப் படித்தார்.

"'மாண்புமிகு ஜனாதிபதி அவர்களுக்கு, என் திராட்சைத் தோட்டத்தை எழுதித் தரச் சொல்லி மிரட்டும் இன்ஸ்பெக்டர் தங்கப்பாண்டியனிடமிருந்து என் உயிரைக் காப்பாற்றுங்கள்.'"

பிறகு, சட்டையில் குத்தியிருந்த தன் பெயர்ப் பட்டையை நேராக்கிக்கொண்டு, பேனாவைத் திறந்தார் தங்கப்பாண்டியன்.

"ஒன்னு விடாமச் சொல்லுங்கண்ணே. அந்தாளு ஒங்கள என்ன செஞ்சான்?"