பத்தும் சிவப்பு

"பத்துப் பேருக்கும் சிவப்பு! என்ன, பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

கோச் போட்ட சத்தத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே உறைந்துபோனார்கள்.

ஒரே ஒரு மாடிதான் ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபம், வேறென்ன.

கோபம் வராதா? நாளை மறுநாள் ஃபைனல். மூன்று வருடமாக அரையிறுதியோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்த உள்ளரங்குக் கால்பந்து டீம் இது.

ஆளுக்கொரு மார்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். காலையில் கண் விழித்ததும் அதைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கட்டை மாதிரி கிடக்க வேண்டும். இதயத்தின் ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே உள்ள இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் உடம்பு தெம்பாக இருக்கிறது. பச்சை. பரேடு மாதிரி ஒரே சீராக அடித்தால் உடம்பு களைத்திருக்கிறது. சிவப்பு. முடிவு எல்லோர் போனுக்கும் வந்துவிடும்.

சட்டத்தை எழுதிச் சுவரில் ஒட்டியதும் அவர்தான். 'சிவப்பு வந்தால் ஓய்வு. பாதிப் பேருக்கு மேல் சிவப்பு என்றால் ஹாலுக்கே பூட்டு. யாருக்கும் விலக்கு இல்லை.'

இதுவரை ஒரு நாளும் பூட்டியதில்லை.

"நீ சொல்லு தாயே," என்று கோல்கீப்பரைப் பிடித்தார். அவளுக்குப் பட்டப்பெயர் கதவு. பாதி நேரம் திறந்தே கிடப்பாள். "ராத்திரி பூரா போன் பார்த்தியா?"

"இல்ல சார். நல்லாத்தான் தூங்கினேன். எழுந்து நூறு தடவை குதிச்சேன். அப்புறம் பெல்ட்டைக் கட்டினேன்."

"எதுக்கு?"

கதவு வாயைச் சாத்திக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற பொடிசு, கேட்பதற்கு முன்பே கொட்டிவிட்டாள். "நான் கணக்குப் பேப்பரை அம்மாகிட்ட நீட்டிட்டு அப்படியே படுத்துட்டேன் சார். அஞ்சு நிமிஷமும் தலைமாட்டுல நின்னு திட்டினாங்க. சூப்பர் சிவப்பு!"

"எங்க அண்ணன் கரப்பான்பூச்சி டப்பாவை என் மூக்குக்கிட்ட பிடிச்சுக்கிட்டே நின்னான் சார்," என்றாள் இன்னொருத்தி பெருமையாக.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கோச் சிரிக்கவில்லை.

"பிராக்டிஸுக்கு டிமிக்கி கொடுக்க மெஷினையே ஏமாத்துறீங்க. அதுவும் ஃபைனலுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது! யார் கொடுத்த ஐடியா இது?"

கேப்டன் கையைத் தூக்கினாள். எதற்கும் ஒரு பாயிண்ட் வைத்திருப்பாள், அதனால் வக்கீல்.

"நான்தான் சார்."

"அப்ப ஃபைனல்ல நீ பெஞ்ச். கேப்டன் பட்டையைக் கழட்டு."

வக்கீலுக்கு முகம் சுருங்கிப்போனது. ஃபைனலில் ஆட வேண்டும் என்று வருடம் முழுக்க உயிரை விட்டவள். ஆனாலும் பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"கழட்டிட்டேன் சார். இப்ப ஹாலைப் பூட்டுங்க."

"என்னது?"

"நீங்க எழுதினதுதானே சார். யாருக்கும் விலக்கு இல்ல."

"பூட்டிட்டு? வீட்டுக்குப் போய்க் குறட்டை விடப் போறீங்களா?" என்று இடது தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

வக்கீல் தன் போனை நீட்டினாள். பட்டியலில் பத்துப் பெயர், பத்துச் சிவப்பு. விரலால் அதை மேலே தள்ளினாள். அடியில் பதினோராவதாக ஒரு வரி இருந்தது.

'கோச்'.

"எங்களுக்கு முன்மாதிரியா இருக்கணும்னு நீங்களும்தான் தினமும் பெல்ட் கட்டுறீங்க. ஆனா எங்க பத்துப் பேரைப் பார்த்துட்டு மூடிடுறீங்க. கடைசி வரி பன்னிரண்டு நாளா சிவப்பு சார். டாக்டர்கிட்ட போங்கன்னா, ஃபைனல் முடியட்டும், ஒரு பிராக்டிஸ்கூட விட முடியாதுங்கிறீங்க."

கோச் குனிந்து அந்தக் கடைசி வரியைப் பார்த்தார்.

கோல்கீப்பர் கதவு, ஹால் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள். கீழே ஹாரன் சத்தம் கேட்டது.

"எங்கப்பா வண்டியோட நிக்கிறார் சார். எட்டு மணிக்கு டாக்டர்கிட்ட உங்க பேர்ல டோக்கன் போட்டாச்சு," என்றாள் வக்கீல். "முதல்ல நீங்க பச்சையாகிட்டு வாங்க. அப்புறம் என்னைப் பெஞ்சுல உட்கார வைங்க."