அமோனியாவின் பண்பு

பத்தாம் வகுப்பின் ஜன்னல் வழியே உப்புக்காற்று வீசுகிறது. ரம்யா கரும்பலகையில் அமோனியா உருவாகும் சமன்பாட்டை எழுதி முடிக்கிறாள். அம்புக்குறிக்கு இரு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. "சரிதாம்ளா. அந்த வாயுவோட பண்பு என்ன, சொல்லு" என்கிறார் ஆசிரியர் செல்வதுரை. அவள் திரும்பாமலே நிற்கிறாள். விரல்களிலிருந்து சாக்பீஸ் தூள் உதிர்கிறது. "மொதல்ல கண்ணு எரியும் சார். பொறவு மூச்சு முட்டும். ஐஸ் கம்பெனியில அமோனியா குழாய் வெடிச்ச அன்னைக்கு எங்கப்பா கதவு வரைக்கும்தான் வந்தாவ." போன மாதம் அந்தச் சாவு வீட்டுக்குத் தானும் போய் மாலை போட்டது செல்வதுரைக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் பழகிய வாய் சொல்லிவிடுகிறது: "பரீட்சையில காரநெடியுள்ள நிறமற்ற வாயுன்னு எழுதணும். இப்படி எழுதுனா மார்க் கெடைக்காதுளா."