ஒட்டுத் தெரியாத குரல்

செத்தவர்களின் கடைசிப் பேச்சோடு, அதே குரலில் இயந்திரம் பேசும் மிச்சத்தை, ஒன்று தேயத் தேய மற்றது எழும்படி கிராஸ்ஃபேடு போட்டு, ஒட்டுத் தெரியாமல் இணைப்பதுதான் மெர்லினின் பிழைப்பு. இறந்துபோன கணவன் ஜெபராஜின் குரலுக்கும் அவளே ஒட்டுப் போட்டாள். அப்பா கப்பலில் இருப்பதாக மகள் நம்ப வேண்டுமே! அசல் பதிவைக்கூட அழித்துவிட்டாள்.

மூன்று வருடம் கழித்து, இன்று பள்ளியில் எவளோ உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள்.

“அப்பா நெசமா பேசுனத மட்டும் போடும்மா” என்றாள் மகள்.

மெர்லின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். “சாப்பிட்டியா செல்லம்?” உயிரோடு இருந்தவன் கேட்டதா இது? “அம்மாவைப் படுத்தாத” என்பது? நடுவில் வரும் அந்தச் சிரிப்பு?

“இன்னுமா கண்டுபிடிக்கல?”

“இரு கண்ணு, இதோ…”

அவள் போட்ட ஒட்டை இதுவரை யாருமே கண்டுபிடித்ததில்லை.