ஆளுயர மெழுகுதிரி

தை மாசம் கிறிஸ்ரி மாஸ்ரர் திரும்பவும் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சியாளராக வருகிறார் என்றதும் குருநகரில் அதிகம் குதித்தவன் ஜெயசுதன்தான். "போன முறை இந்த மனுசனை நம்பி ஏழு கோல் வாங்கினது காணாதோ?" என்று ஊரெல்லாம் கத்தித் திரிந்தான்.

மாஸ்ரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து ஆட்டம் ஆடினார்கள், ஐந்தும் வெற்றி. அரையிறுதி வென்ற அன்று அவரை முதலில் தோளில் தூக்கியவனும் ஜெயசுதன்தான். ஆனால் இறக்கிவிட்டதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. நேரே அந்தோனியார் கோயிலுக்குள் ஓடிப்போய்ச் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டான். பின்னாலேயே கோயிலைப் பார்த்துக்கொள்ளும் யாகப்பு அண்ணை வந்தார்.

"என்னடா, பைனலுக்கு நேர்த்தியோ?"

"இல்லையண்ணை. தை மாசம் வைச்ச நேர்த்தியைத் திருப்பி எடுக்க வந்தனான். ஆளுயர மெழுகுதிரி எண்டு சொல்லிப்போட்டன்."

"அந்தோனியாரிட்டை வைச்சதை எடுக்கேலாது, விசரா. கேட்டது கிடைச்சால் கொளுத்தத்தான் வேணும்."

"கிடைக்கக் கூடாதெண்டுதான் இப்ப கும்பிடுறன்."

அந்த நேரம் பார்த்து மாஸ்ரர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். கையில் கடவுச்சீட்டு இருந்தது. கண்கள் கலங்கியிருந்தன.

"ரெண்டு தரம் இல்லையெண்டவங்கள், ஜெயசுதன்! கனடா விசா வந்திட்டுது. வெள்ளிக்கிழமை மகளிட்டைப் பயணம்."

"ஞாயிற்றுக்கிழமை பைனல், மாஸ்ரர்..."

"நான் என்னடா செய்யிறது? மகள் ரிக்கெட்டும் போட்டிட்டாள். ஆரோ எனக்காக உருகி மன்றாடியிருக்கினம்."

யாகப்பு அண்ணை ஜெயசுதனைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்ரரை அடியிலிருந்து முடிவரை கண்ணாலேயே அளந்தார்.

"ஆறடி வரும்," என்றார். "போய் மெழுகுதிரிக்குச் சொல்லு."